முழு டவர்

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கலையரசன் செல்போன் டவரின் அடியிலிருந்த கேபினுக்குள் குந்தியிருந்தான். உள்ளே இருந்த ஏசி உயிரை விட்டு வெகுநாளாகிறது. திருவிடந்தைக் கடற்காற்று வெளியே சவுக்குத் தோப்பையே பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. இந்த இரும்புப் பெட்டிக்குள் அதில் ஒரு மூச்சுகூட நுழையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. எதிரே வரிசையாகப் பச்சை விளக்குகள். நடுவில் ஒன்று மட்டும் சிவப்பாக மின்னியது. அது பச்சையாகும்வரை ஹரிஹரன் சார் லைனை விடமாட்டார்.

“என்னப்பா, போட்டியா இல்லையா?” வாட்ஸ்ஆப் காலில் நாவலூரிலிருந்து ஹரிஹரனின் குரல் வந்தது. இந்தக் கடற்கரை டவர்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சியின் சூப்பர்வைசர் அவர். “கெடு முடியப்போகுது. சிவப்பாவே நின்னா எனக்கு மேல இருக்கறவன் என் தலையைத் தின்னுடுவான்.”

டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டான். “சார், மேல டிஷ்ஷு காத்துல திரும்பிக்கீது சார். லூப்பு போட்டா பச்ச வரும். ஆனா ஒரு காலும் போவாது.”

“டிஷ்ஷை நாளைக்குத் திருப்பிக்கலாம். இப்ப லூப்பைப் போடு. நான் சொல்றேன்ல?”

லூப் என்பது பெரிய வித்தையில்லை. விரல் நீள வயர்த்துண்டு. போகிற வழியின் முனையை, டிஷ் பார்த்து நிற்க வேண்டிய எதிர் டவருக்குப் போகவிடாமல், வருகிற வழியின் முனையோடு இங்கேயே கோத்துவிடுவது. போனில் ஒருவரைக் கூப்பிடுவது நமக்கு ஒரே காரியமாகத் தெரியும். உள்ளே அது அடுக்குமேல் அடுக்கு. அடியில் இருக்கும் அடுக்குக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து துடிப்பு வருகிறதா என்ற ஒரே கவலைதான். அதற்கு மேலடுக்கு, வந்ததில் கிழிசல் உண்டா என்று பார்க்கும். அதற்கும் மேலே உள்ளதுதான், யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், மணி அடித்ததா, எடுத்தார்களா, துண்டித்தார்களா என்று சேதி சொல்லும். மேலடுக்கின் சேதியைக் கீழடுக்கு உறை போட்டு ஒட்டி அனுப்புமே தவிர, பிரித்துப் படிக்காது. லூப் போட்டால் அடியடுக்கு தன் துடிப்பையே திரும்பக் கேட்டு, எல்லாம் நலம் என்று பச்சை காட்டும். கம்பெனியின் கெடு, அபராதம் எல்லாம் அந்த அடியடுக்கோடு கட்டியவை. மேலடுக்கைப் பார்க்க வேறொரு டீம் இருந்தது. அவர்கள் ஒரு நாள் கழித்துத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

கலையரசன் வயர்த்துண்டைச் செருகினான். சிவப்பு அணைந்து பச்சை வந்தது. “வெரி குட்” என்று ஹரிஹரன் லைனைத் துண்டித்தார்.

வாசலில் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த முனிசாமி சிரித்தார். அவர் கலையரசனின் அக்கா ஜோதிலட்சுமியின் புருஷன். டவர் ஏறுகிற ரிகர். கருங்குழியில் இருந்த நிலத்தை ஜி.எஸ்.டி. ரோட்டு மனைகளுக்குக் கொடுத்துவிட்டு, தென்னை ஏறின காலால் டவர் ஏறப் பழகியவர்.

“இன்னா மச்சான் வித்த இது? கெணத்த எட்டிப் பாத்து ‘யார்னா கீறீங்களா’ன்னு நீயே கத்தறே. ‘கீறீங்களா’ன்னு உன் கொரலே திரும்பி வருது. ஒடனே ‘ஆளு கீறான்’னு ஆபீசுக்கு சொல்லிட்றே.”

“அவங்களுக்கு அதான் மாமா வோணும்.”

“நாளிக்கு ஏறும்போது அந்தத் தேனடை வேற கீது, பாத்தியா?”

இருவரும் அண்ணாந்தார்கள். பாதி உயரத்தில், ஏணி ஓரத்து இரும்பில், முறம் அகலத்துக்கு மலைத்தேனீக் கூடு கறுப்பாகத் தொங்கியது. அதைப்பற்றிச் சொல்லாத ஆளில்லை. கூடு கலைப்பது டவர் கம்பெனியின் வேலை என்றது சிம் விற்கும் பெரிய கம்பெனி. மெயின்டனன்ஸ் கம்பெனியின் வேலை என்றது டவர் கம்பெனி. அவர்கள் ஏஜென்சியைக் கைகாட்டினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கு மேல் பூசாரியாக நின்றதில், சாமி யார் என்பதே யாருக்கும் தெரியவில்லை.

*

மறுநாள் விடியலிலேயே ஏறிவிட வேண்டும் என்று முனிசாமி சொல்லியிருந்தார். குளிரில் தேனீ அசையாது. ஆனால் ஏஜென்சி வேன் கருங்குழிக்கு வந்ததே தாமதம். வழியில் இன்னொரு டவருக்கு பேட்டரி இறக்கிவிட்டு, இவர்களைச் சவுக்குத் தோப்பில் விட்டபோது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. வேன் நிற்காமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டது. தோப்பிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு நல்ல தூரம், அதுவும் மணல் பாதை.

“மாமா, இன்னிக்கு வோணாம். வெயிலு ஏறிப்போச்சி” என்றான் கலையரசன்.

அப்போதுதான் ஹரிஹரனின் வாட்ஸ்ஆப் கால் வந்தது. மேலடுக்கு டீம் விழித்துக்கொண்டுவிட்டதாம். பச்சை விளக்கு எரிகிற டவரில் நேற்று மாலையிலிருந்து ஒரு பேச்சுகூடப் பதிவாகவில்லையே என்று கேட்டிருக்கிறார்கள்.

“மத்தியானத்துக்குள்ள டிஷ் நேராகணும். லூப்னு தெரிஞ்சா நம்ம எல்லாரும் அம்பேல்.”

“சார், தேனீ கீது சார்.”

“டவரோட அந்தப் பக்கத்துக் கால் வழியா ஏறச் சொல்லுப்பா. முனிசாமிக்கு நான் சொல்லித்தரணுமா?”

முனிசாமி பெல்ட்டை மாட்டினார். கோபம் வந்தால் அவர் பேசமாட்டார், பெல்ட்டைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்குவார். அன்றைக்கு நன்றாக இறுக்கினார். கூட்டுக்கு எதிர்ப்புறக் காலைப் பிடித்து ஏறினார். கூட்டைத் தாண்டும்போது கையை வாயில் வைத்துப் பேசாதே என்று கீழே சைகை காட்டினார். டிஷ்ஷிடம் போய் உட்கார்ந்து, துரு ஏறிய நட்டை ஸ்பேனரால் நெம்பினார். முதல் நெம்பலில் அசையவில்லை. அடுத்ததில் ‘ணங்’ என்ற சத்தம் இரும்பு வழியாக இறங்கி, கலையரசன் கை வைத்திருந்த கால்வரை அதிர்ந்தது.

கறுப்புக்கூடு ஒருமுறை சிலிர்த்தது. பிறகு ஓரத்திலிருந்து அவிழ்ந்தது.

“மாமா! எறங்கு மாமா!”

பாதி வழியில் கூட்டைக் கடந்துதான் இறங்க வேண்டும், வேறு வழி கிடையாது. முனிசாமி ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, ஒரு கையால் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் பெல்ட் கொக்கியைக் கழற்றி மாட்ட வேண்டும். அதைச் சரியாகத்தான் செய்தார். கடைசிச் சில படிகளில்தான் விட்டுவிட்டுக் குதித்தார். கலையரசன் அவரை இழுத்துப்போய் சாக்கைப் போர்த்தி, கேபினுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். அவனுக்கும் காதிலும் கழுத்திலும் கொட்டு விழுந்தது. இரைச்சல் ஓய்ந்த பிறகு, காற்றுக்காக அவரை வெளியே தோப்பு நிழலுக்குக் கூட்டிவந்தான்.

முகம் அதற்குள் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. முனிசாமி அப்போதும் சிரித்தார். “உங்கக்கா பாத்தா யாரோ ஆளுன்னு வூட்டுக்குள்ள சேக்கமாட்டாடா.”

“சும்மா கெட மாமா.” கழுத்தில் குத்தியிருந்த கொடுக்குகளைக் கலையரசன் நகத்தால் வழித்து எடுத்தான். எடுக்க எடுக்க இருந்தன.

கொஞ்ச நேரத்தில் முனிசாமி சிரிப்பதை நிறுத்தினார். “தொண்டைல இன்னாவோ அடைக்குதுடா” என்றார். நாக்கு தடித்து, வார்த்தை கொழகொழவென்று வந்தது. உதட்டோரம் நீலம் பாய்ந்தது.

கலையரசன் 108-ஐ அழுத்தினான். திரையில் ‘அழைக்கிறது’ என்று வந்தது. காதில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ‘அழைப்பு முடிந்தது’. சிக்னல் கோடு நான்கும் நெட்டுக்குத்தாக நின்றன. மறுபடி அழுத்தினான். மறுபடியும் அதேதான். முனிசாமியின் போனில் அழுத்தினான். அதுவும் அதே கம்பெனி சிம்தான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. அவன் செருகிய துண்டு உள்ளே இன்னும் அப்படியே இருக்கிறது. பிடுங்கினாலும் பலனில்லை, டிஷ் இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியில் நெட் புதுக் கேபிளில் போகிறது, பேச்சு மட்டும் பழைய டிஷ் வழியாகத்தான் போகும்.

சவுக்கு மிலாறு பொறுக்கிக்கொண்டிருந்த தனகோடி சத்தம் கேட்டு ஓடிவந்தாள். தோப்பை ஒட்டிக் குடிசை போட்டிருப்பவள். இவர்களுக்கு அவ்வப்போது தண்ணீர் தருவாள்.

“அய்யய்யோ, இன்னா நைனா ஆச்சி?”

“உன் போனக் குடும்மா.”

“காலைலகூட சீரியல் பாத்தனே, நல்லா ஓடிச்சி” என்று இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டவர் பக்கத்தில் இருக்கிற கம்பெனி சிம்மைத்தானே யாரும் வாங்குவார்கள்? அதிலும் நான்கு கோடு. அதிலும் ‘அழைப்பு முடிந்தது’.

ஹரிஹரனை வாட்ஸ்ஆப்பில் அழைத்தான். மணி அடித்து ஓய்ந்தது. வேன் டிரைவரை அழைத்தான். அவன் நெட்டை அணைத்து வைத்திருந்தான். வாட்ஸ்ஆப் வேலைக் குழுவில் குரல் பதிவு போட்டுக் கதறினான்: “சார், மாமாவத் தேனீ கொட்டிச்சி சார், மூச்சு இழுக்குது. இங்கேர்ந்து கால் போவல. யாராவது ஆம்புலன்ஸ் அனுப்புங்க சார்.” உடனே ஹரிஹரனிடமிருந்து பதில் வந்தது. ‘மீட்டிங்ல இருக்கேன். உடனே 108 கூப்பிடு.’ கூடவே இரண்டு கும்பிட்ட கைகள்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பதைக் கலையரசன் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். அது இப்படிக் கழுத்தை நெரிக்கும் என்று நினைத்ததில்லை. இந்த டவரின் பிடி இருக்கிறவரை போன் வேறு எதையும் தேடாது. பக்கத்து டவரைப் பிடிக்க வேண்டுமானால் இதன் கீழிருந்து விலகி ஓட வேண்டும்.

“அம்மா, இவரப் பாத்துக்கோ. நான் கோடு கொறையற எடத்துக்குப் போவணும்.”

“போன் நல்லாத்தானே கீது? எங்க போற?”

முனிசாமியின் கை அவனுடைய பேன்ட்டைப் பிடித்திருந்தது. கண் இமைகள் வீங்கி மூடிவிட்டதால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இவன் எழுந்திருக்கிறான் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும், பிடி இறுகியது. கலையரசன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரித்துவிட்டு ஓடினான்.

மணலில் கால் புதைந்தது. செருப்பை உதறிவிட்டு ஓடினான். கண் பாதையில் இல்லை, போன் திரையில் இருந்தது. ஊரில் எல்லோரும் ஒரு கோடு ஏறாதா என்று மொட்டைமாடிக்குப் போவார்கள். அவன் ஒரு கோடு இறங்காதா என்று வேண்டிக்கொண்டு ஓடினான். நான்கு. நான்குதான். தோப்பு முடிந்து தர்பூசணிக் கொல்லை வந்தது. அங்கும் மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. இந்த டவரை நல்ல உயரத்தில்தான் நட்டிருந்தார்கள். மாமல்லபுரம் போகிற கார்களின் சத்தம் கேட்கிற இடத்துக்கு வந்த பிறகுதான் ஒற்றைக் கோடாகி, அதுவும் போய், வேறொரு கோடு வந்தது. அழுத்தினான். ஒரு பெண் குரல், “வணக்கம், சொல்லுங்க” என்றது. அவன் அழுதுகொண்டே இடத்தைச் சொன்னான்.

சாலையில் நின்று கையை ஆட்டினான். வெறுங்காலும் வீங்கிய முகமுமாக நின்றவனைச் சுற்றி வளைத்துக்கொண்டு கார்கள் போயின. கடைசியில் ஆம்புலன்ஸ்தான் வந்தது. அதில் ஏறி வழிகாட்டிக்கொண்டு தோப்புக்குத் திரும்பியபோது, தனகோடி தன் முந்தானையால் முனிசாமியின் முகத்தை மூடியிருந்தாள்.

“இத்தினி நேரமும் உன்னத்தான் கேட்டுகினு இருந்தாரு, நைனா” என்றாள். “பேச்சு நிக்கறவரைக்கும் உன் பேருதான். எங்க போயிட்டே?”

*

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் ஜோதிலட்சுமி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். கலையரசன் பக்கத்தில் போய்க் குந்தினான். அவன் காது இன்னும் வடை மாதிரி வீங்கியிருந்தது.

“அந்தக் குடிசக்காரம்மா எல்லாஞ் சொல்ச்சி” என்றாள் அவன் முகத்தைப் பார்க்காமல். “அவரு கையப் பிரிச்சி வுட்டுட்டு ஓடினயாமே.”

“போன் பண்ணத்தாங்க்கா ஓடினேன். அங்க கால் போவல.”

“டவரு கீழயே நின்னுகினு டவரு இல்லன்றியா?”

“டவரு இருந்திச்சிக்கா. நெட்டு வந்திச்சி. பேசறதுக்கு ஒரு வழி கீது, அது மட்டும் இல்ல. அது வேற அடுக்கு…” தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவனுக்கே அசிங்கமாகக் கேட்டது. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் அடுக்கு என்ன, மாடி என்ன?

“உங்க சாரு வந்து மாலை போட்டுட்டுப் போனாரு. அன்னிக்கு ஃபுல்லா அந்த டவரு நல்லாத்தான் ஓடிச்சி, ஆபீஸ்ல பச்சையாத்தான் காட்டிச்சின்னாரு. நான் கேட்டேன், அப்ப ஏன் சார் அங்கேர்ந்தே கூப்டலன்னு. பயத்துல கையும் ஓடல காலும் ஓடல போலம்மா, சின்னப்பையன்தானேன்னாரு.” அவள் மூக்கைச் சிந்தினாள். “கால் ஓடலயாம். உனக்குக் கால்தான் ஓடிச்சி.”

கலையரசனுக்குப் பொறுக்கவில்லை. “பொய்க்கா அது! பச்ச எரியட்டும்னு அவருதான் லூப்பு போடச் சொன்னாரு. லூப்பு போட்டா கால் போவாதுன்னு அவருக்குத் தெரியும். முந்தின நாளு நான்தான் போட்டேன்.”

அவள் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே, சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று.

“நீ போட்டியா?”

“அவரு சொன்னாருக்கா.”

“அப்ப போனு வேல செஞ்சிருந்தா நீ வுட்டுட்டு ஓடினே. செய்யலன்னா நீயே கட்டிப்போட்டே. இன்னான்னு நெனைக்கட்டும் நானு?” அவள் எழுந்து புடவையைத் தட்டினாள். “மேல இருக்கறவன் சொன்னான்றியே, எந்த மேல இருக்கறவனாவது என் எதிர்க்க வந்து சொல்லட்டும், ஆமாம்மா, நாங்கதான் சொன்னோம்னு. அதுவரைக்கும் வூட்டுப் பக்கம் வராத.”

காரியம் முடிகிறவரை அவனைத் தெருமுனையிலேயே நிறுத்தினார்கள். பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டியவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான். மாமனைச் சாகவிட்டு ஓடினவன் என்று ஊர் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஊர் சொல்வதை அவன் தாங்கிக்கொண்டான். அக்கா சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அவளிடம் ஒரே ஒருவர், அந்த மேலே இருக்கிறவர்களில் ஒரே ஒருவர், உண்மையைச் சொன்னால் போதும். வேறெதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

*

நாவலூர் அலுவலகத்தில் விசாரணை நடத்தியவர் பிரவின்குமார், மெயின்டனன்ஸ் கம்பெனியின் சேஃப்டி அதிகாரி. நல்ல மனிதர். கலையரசனுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார், காபி வரவழைத்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பெரிய திரையில் கடற்கரை டவர்கள் எல்லாம் பச்சைப் புள்ளிகளாக இருந்தன. ஹரிஹரன் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தேனீ இருந்தும் ஏறினது முனிசாமியோட தப்பு. கூடு இருந்தா ஏறக்கூடாதுங்கறது ரூல். அதை விட்டுடலாம்” என்றார் பிரவின்குமார். “எனக்குப் புரியாதது இதுதான். அந்த டவர் அன்னிக்கு ஃபுல்லா வேலை செஞ்சிருக்கு. ஹரிஹரன் உடனே 108 கூப்பிடச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கார். உங்க மெசேஜ் அவருக்குப் போயிருக்கு, அவர் பதில் உங்களுக்கு வந்திருக்கு. அப்புறம் ஏன் அங்கிருந்தே கூப்பிடாம ரோடு வரைக்கும் ஓடினீங்க?”

“சார், பச்சை பொய் சார். லூப்பு போட்டிருந்துச்சு. சார்தான் போடச் சொன்னாரு.”

ஹரிஹரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் எங்கேயாவது அப்படி எழுதியிருக்கேனா கலை?”

“வாய்ல சொன்னீங்க சார்.”

“கம்பெனிக்குத் தெரியாம லூப் போடறது மோசடி. போட்டேன்னு நீயே ஒத்துக்கறியா?” குரலில் கோபமே இல்லை, அக்கறைதான் இருந்தது. “யோசிச்சுப் பேசுப்பா. நீயும் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.”

“போறேன் சார். மேலடுக்கு டீமைக் கேளுங்க. அன்னிக்கு ஒரு கால்கூட அந்த டவர்ல இல்ல. அவங்களுக்குத் தெரியும்.”

பிரவின்குமார் சங்கடத்தோடு நெளிந்தார். “அது பெரிய கம்பெனியோட டீம். நாங்க அவங்களை நேரா கேட்க முடியாது, கலையரசன். எனக்கு வர்றது அடியடுக்கு ரிப்போர்ட் மட்டும்தான். அதுல பச்சை.” கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணு பண்ணலாம். நீங்களும் அவங்க கஸ்டமர்தானே? அந்தத் தேதியில, அந்த இடத்துல கால் போகலைன்னு கஸ்டமரா ஒரு கம்ப்ளெயின்ட் போடுங்க. கஸ்டமர் கம்ப்ளெயின்டுக்கு எழுத்துல பதில் தந்தே ஆகணும்.”

அறைக்கு வெளியே ஹரிஹரன் அவன் தோளைத் தட்டினார். “அந்த ஏரியாவுக்கு எனக்கு வேற ஆள் கிடையாது. கொஞ்ச நாள் வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு” என்றார். உதவிக்கு உடனே அழைக்காதது உடனிருந்தவரின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. அந்த ஒரு வரியைக் காட்டி, அக்காவுக்கு வர வேண்டியிருந்த விபத்துக் காப்பீட்டையும் நிறுத்திவைத்தார்கள்.

கலையரசன் அன்றே பஸ்ஸில் உட்கார்ந்து புகார் போட்டான். தேதி, இடம், 108-க்கு அழைப்பு போகவில்லை, ஓர் உயிர் போய்விட்டது என்று எழுதினான். எழுத்தில் பதில் வரும். அதை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டலாம். அவள் படிப்பாள், எட்டாவது வரை படித்தவள். புகார் பெரிய கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது. பிறகு நாள்கணக்கில் ஒன்றுமில்லை. புகார் எங்கெங்கே போயிற்று, யார் யார் அதைப் பிரிக்காமல் மேலே இன்னோர் உறையைப் போட்டுத் தள்ளிவிட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் காத்திருந்தான்.

ஒரு காலை, வேலைக்கான ஆப்பில் டிக்கெட், அதாவது புதுப் பணிச்சீட்டு, விழுந்தது. இடம்: திருவிடந்தை. கஸ்டமர் புகார்: கால் போகவில்லை. சைட்டுக்குப் போய்ச் சோதித்து மூட வேண்டிய டெக்னீஷியன்: கலையரசன்.

அவன் ஹரிஹரனுக்குப் போன் செய்தான். “சார், இது என்னோட கம்ப்ளெயின்ட் சார். எனக்கே வந்திருக்கு.”

“உன் சைட்தானே, உனக்குத்தான் வரும்” என்றார் அவர். “போய் மூணு டெஸ்ட் கால் போட்டு மூடு. மத்தியானத்துக்குள்ள மூடலைன்னா என் தலையில விடியும்.”

*

கூட்டைப் புகை போட்டு எடுத்திருந்தார்கள். ஒரே நாளில் எடுத்துவிட்டார்களாம், தனகோடி சொன்னாள். கேபினைத் திறந்து பார்த்தான். யாரோ வந்து டிஷ்ஷை நேராக்கி, லூப்பையும் பிடுங்கி எடுத்துப் போயிருந்தார்கள். துண்டு வயர்கூடக் கிடைக்கவில்லை. விளக்குகள் எல்லாம் பச்சையாக இருந்தன. இந்த முறை உண்மையான பச்சை.

டவரின் கீழே, முனிசாமியைப் படுக்கவைத்திருந்த மணலுக்குப் பக்கத்தில் நின்று ஆப்பைத் திறந்தான். எந்த எண்ணுக்காவது மூன்று அழைப்புகள் போட வேண்டும். எடுக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சேதி போய், மணி அடித்து, அடித்த சேதி திரும்பி வந்தால் போதும். எதிரே உள்ளவர் துண்டித்தாலும், துண்டித்தார் என்ற சேதி ஒழுங்காக வந்துவிட்டால் மேலடுக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள்.

அவன் அக்காவின் எண்ணைப் போட்டான். கருங்குழியில் மணி அடிப்பது காதில் தெளிவாகக் கேட்டது. இரைச்சல் இல்லை, விட்டுவிட்டுக் கேட்கவில்லை. இத்தனை சுத்தமாக இந்த டவரிலிருந்து அவன் கேட்டதே இல்லை. இரண்டு மணி, மூன்று மணி. துண்டித்தாள். ஆப்பில் முதல் வட்டம் பச்சையாயிற்று.

மறுபடி போட்டான். “எடுக்கா” என்று வாய்விட்டுச் சொன்னான். “ஒரு தபா எடுக்கா.” இம்முறை முதல் மணியிலேயே துண்டித்தாள். இரண்டாவது வட்டமும் பச்சையாயிற்று.

மூன்றாவதைப் போடாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். ஹரிஹரனிடமிருந்து ‘முடிச்சியா?’ என்று மெசேஜ் வந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் எண்ணையே அழுத்தினான். மணி அடித்தது, துண்டானது. மூன்றாவது வட்டமும் பச்சையாகி, டிக்கெட் தானாக மூடிக்கொண்டது. உடனே ஒரு குறுஞ்செய்தி வந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே, தாங்கள் குறிப்பிட்ட இடத்தில் எங்கள் டெக்னீஷியன் நேரில் சோதித்ததில் அழைப்புகள் அனைத்தும் சரியாகச் சென்றடைகின்றன.